அப்பா நடந்து போன பள்ளிக்கூடம் – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, மழை நாள்ல செருப்பக் கையில தூக்கிக்கிட்டு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனத நாலு வரி எழுதியிருந்தேன், அதுக்கு வர்ற கடிதமும் வாட்சப்பும் இன்னும் நிக்கல. அதனால இந்தத் தடவ மத்த கேள்விக்கெல்லாம் லீவு, பள்ளிக்கூடமும் அதுக்குப் போற ரோடும் மட்டும்தான்.

கேள்வி: அண்ணே, அப்பாவுக்கு 79 வயசு. கொஞ்ச நாளா காலையில எழுந்ததும் "பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு"ன்னு சொல்றாரு. நிபோங் திபால் பக்கம் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டமாம், ஒரே ரூம் பள்ளிக்கூடமாம். ஒரு தடவ கூட்டிட்டுப் போய்க் காட்டணும். ஆனா மேப்ல தேடினா எண்ணெய்ப்பனையும் ஃபேக்டரியும்தான் வருது. எப்படிக் கண்டுபிடிக்கிறது?
– வாசகி, செந்தூல்

பதில்: தங்கச்சி, மேப்ப மூடி வெச்சிட்டு முதல்ல அப்பாகிட்டயே உக்காருங்க. தோட்டத்து பேரக் கேக்காதீங்க, "நம்ம ஆளுங்க அத எப்படிக் கூப்பிடுவாங்க"ன்னு கேளுங்க. கம்பெனி ரெஜிஸ்டர்ல ஸ்காட்லாந்து ஊர் பேரு இருக்கும், நம்ம ஜனங்க வாயில அது வேற பேரா இருக்கும், பழைய ஆளுங்ககிட்ட விசாரிச்சா இந்தப் பேருதான் வேலைக்கு ஆகும். அப்புறம் எத்தனாவது கட்டைன்னு கேளுங்க, மைல் கல்லு புடுங்கி எத்தனையோ வருஷம் ஆச்சு ஆனாலும் பெரியவங்க மனசுல இடம் எல்லாம் இன்னும் கட்டைக் கணக்குலதான் இருக்கு. அவரு படிச்சது அவசரகாலத்துல, 1948லேர்ந்து 1960 வரைக்கும் கம்யூனிஸ்டுங்களோட சண்டை நடந்துச்சே அதுல, அப்ப நிறைய தோட்டத்துல லயத்த (தொழிலாளிங்க வரிசை வீட்ட) சுத்தி முள்கம்பி வேலி போட்டு கேட்டுல செக் பண்ணித்தான் ஆள விடுவாங்க, அதனால "கேட்டு எந்தப் பக்கம்பா, பள்ளிக்கூடம் வேலிக்கு உள்ளயா வெளியவா"ன்னு கேட்டுப் பாருங்க. இதெல்லாம் அவருக்கு நேத்து சாப்பிட்டத விட நல்லா ஞாபகம் இருக்கும்.

அதுக்கப்புறம் கோயில். தோட்டம் போனாலும் மாரியம்மன் கோயில நம்ம ஆளுங்க சுலபத்துல விட மாட்டாங்க, திருவிழா அன்னிக்கு கேஎல், ஜொகூருன்னு எங்கெங்கயோ இருக்கிறவங்க எல்லாம் வந்துடுவாங்க, அங்க போய் அப்பா பேரச் சொல்லி நின்னீங்கன்னா போதும், யாராவது ஒரு பாட்டி "நீ இன்னாரு பேத்தியா"ன்னு கையப் புடிச்சிக்கும். கோயிலும் இல்லன்னா ஆர்க்கிப் நெகாரா, அதான் தேசிய ஆவணக் காப்பகம், கேஎல்லயே இருக்கு, பழைய மேப்பு பாக்கக் கேளுங்க.

ஒரு விஷயம் நான் கண்ணால பாத்தது. மூணு வருஷம் முன்ன அக்காவோட எங்க பழைய இடத்துக்குப் போனேன். லயம் இல்ல, பள்ளிக்கூடம் இல்ல, கித்தா மரம் ஒண்ணு கூட இல்ல, எந்தப் பக்கம் திரும்பினாலும் பனை. நான் திரும்பிடலாம்னு சொல்லிட்டேன். அக்கா கேக்காம நடந்துச்சு. ஒரு வளைவு வந்துச்சு, திடீர்னு ரோட்ட விட்டு எறங்கி இடது பக்கம் கான் (வாய்க்கால்) ஓரமா ஒட்டி நடக்க ஆரம்பிச்சிருச்சு. ஏன்க்கான்னு கேட்டா, "பால் லோரி வர்ற எடம்டா"ன்னுச்சு. அந்த வளைவுலதான் ரப்பர் பால் ஏத்திட்டு வர்ற லோரி சத்தம் கேக்காது, அதனால சின்னப் புள்ளையில அம்மா எங்கள ஓரமா நடக்கச் சொல்லிச் சொல்லியே வளத்துச்சு. அம்பது வருஷத்துக்கு அப்புறமும் அக்கா காலுக்கு அது தெரிஞ்சிருக்கு. அந்த வளைவுலேர்ந்து எண்ணி நடந்தோம், பள்ளிக்கூடம் இருந்த மேடு கெடைச்சிருச்சு. மரத்த மாத்தி நட்டாலும் உள் ரோட்ட பெரும்பாலும் அப்படியேதான் விட்டு வெக்கிறாங்க, லோரி போகணுமே. அதனால கட்டடத்தத் தேடாதீங்க, ரோட்டத் தேடுங்க.

கேள்வி: ஐயா, நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்க பள்ளியில புள்ளைங்க கம்மி, ரெண்டு வகுப்ப ஒண்ணா சேத்து நடத்துறதுக்கே எனக்கு மூச்சு முட்டுது. அந்தக் காலத்துல ஒரே வாத்தியார் ஒரே ரூம்ல எல்லா வகுப்பையும் எப்படி ஐயா சமாளிச்சாரு?
– வாசகி, கோலாலம்பூர்

பதில்: டீச்சர், நான் 1964ல ஒண்ணாம் வகுப்பு. தகரக் கூரை, பாதிச் செவுரு, மேல கோழிக் கம்பி, முப்பது சொச்சம் புள்ளைங்க, ஒரு வாத்தியாரு, ஒரு கரும்பலகை. அந்தப் பலகையில சாக்கட்டியால ரெண்டு கோடு கிழிச்சு மூணு பாகமாப் பிரிச்சிருப்பாரு. ஒரு பக்கம் பெரிய வகுப்புக்குக் கணக்கு, நடுவுல நடு வகுப்புக்குப் பாத்து எழுதுறது, கடைசி பாகத்துல எங்களுக்கு அ ஆ. கணக்க எழுதிப் போட்டுட்டு எங்ககிட்ட வந்துடுவாரு, நாங்க சிலேட்டுல எழுதுற நேரத்துல அங்க திருத்தப் போயிடுவாரு, நின்னு நான் பாத்ததே இல்ல. ஆறாம் வகுப்பு அக்காங்க எங்க கையப் புடிச்சு எழுத வெப்பாங்க. வாய்ப்பாடு மட்டும் எல்லாரும் சேந்து கத்தணும், ஒண்ணாம் வகுப்புல உக்காந்துக்கிட்டே எனக்கு ஏழாம் வாய்ப்பாடு வந்துருச்சு, அர்த்தம் தெரியாது ஆனா வந்துருச்சு. மழை தகரத்துல விழுந்தா ஒண்ணும் கேக்காது, அப்ப எல்லாருக்கும் எழுத்து வேலைதான்.

மணி கிடையாது, ஒரு தண்டவாளத் துண்டு கயித்துல தொங்கும். சாயங்காலம் அதே வாத்தியாரு வாசல்ல உக்காந்து தமிழ் நேசன சத்தமா வாசிப்பாரு, பால்மரம் வெட்டிட்டு வந்தவங்க சுத்தி உக்காந்து கேப்பாங்க. ஊருக்குப் போற கடுதாசியும் அவருதான் எழுதிக் குடுப்பாரு. அதனாலதான் அவரு சொன்னா வீட்ல கேட்டாங்க, "புள்ளைய ஒட்டுப்பால் பொறுக்கக் கூட்டிட்டுப் போகாதீங்க, நாளைக்குப் பரீட்சை"ன்னு லயத்து வாசல்ல வந்து நிப்பாரு. நீங்க மூச்சு முட்டுதுன்னு சொல்றது நியாயம்தான் டீச்சர், அவருக்கு இன்னிக்கு உங்களுக்கு இருக்கிற ரிப்போர்ட்டும் சிஸ்டத்துல கீ-இன் பண்ற வேலையும் கிடையாது. ஆனா அந்தப் பெரிய புள்ளைய சின்னப் புள்ளைக்குப் பக்கத்துல உக்கார வெக்கிறத மட்டும் முயற்சி பண்ணிப் பாருங்க, கத்துக் குடுத்த புள்ளைக்குத்தான் பாடம் நல்லா மனசுல நிக்கும்.

கேள்வி: தோட்டத்துல பள்ளிக்கூடம் கட்டினது வெள்ளைக்காரத் தொரைங்களோட நல்ல மனசுன்னு எங்க தாத்தா சொல்வாரு. உண்மையா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: சட்டம் தம்பி. பள்ளி வயசுப் புள்ளைங்க பத்து பேரு இருந்தா தோட்டமே பள்ளிக்கூடம் வெச்சுக் குடுக்கணும்னு 1923 தொழிலாளர் சட்டம் சொல்லுச்சு. நெறைய எடத்துல ஒரு கொட்டகையப் போட்டு, எழுதப் படிக்கத் தெரிஞ்ச கங்காணியையோ கிராணியையோ (கிளார்க்) வாத்தியாராக்கி கணக்குக் காட்டுனாங்க, மூணாவது நாலாவது வரைக்கும் ஓடும், அதுக்கு மேல பால்மரம்தான். நல்ல தொரைங்களும் இருந்திருப்பாங்க, தாத்தா பாத்தவரு அப்படிப்பட்டவரா இருக்கலாம். ஆனா அந்தக் கொட்டகையப் பள்ளிக்கூடமா ஆக்குனது வாத்தியாருங்களும், சம்பளத்துல காசு போட்டு பெஞ்சு வாங்கின நம்ம பாட்டன் பாட்டியும்.

கேள்வி: அத்தனை பள்ளிக்கூடமும் எங்க போச்சு? புள்ளைங்க இல்லாமலா மூடினாங்க?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: நம்ம நாட்டுல தமிழ் வகுப்பு ஆரம்பிச்சதே நம்ம பினாங்குலதான், 1816ல, பினாங்கு ஃப்ரீ ஸ்கூல்ல. 1957ல சுதந்திரம் வாங்கினப்ப 888 தமிழ்ப்பள்ளி, இப்ப சுமார் 530. நெறைய சின்னப் பள்ளிங்க ஒண்ணோட ஒண்ணு சேந்துச்சு, அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வெள்ளைக்காரன் தோட்டத்தத் துண்டு போட்டு வித்துட்டுக் கெளம்புனான், வாங்கினவன் ஆள வெச்சுக்கல. அதத் தடுக்கத்தான் அப்ப மஇகா தலைவரா இருந்த துன் சம்பந்தன் 1960ல தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சு தொழிலாளிங்க காசுலயே தோட்டம் வாங்க வெச்சாரு. அப்புறம் 1969ல குடியுரிமை இல்லாதவங்களுக்கு வேலை பெர்மிட்டு வேணும்னு வந்துச்சு. என் பெஞ்சுல பக்கத்துல உக்காந்தவன் ஒரு திங்கக்கிழமை வரல. குடும்பத்தோட ரஜூலா கப்பல் ஏறி இந்தியாவுக்கே போயிட்டாங்க. அவன் சிலேட்டு அலமாரியிலயே இருந்துச்சு, வாத்தியாரு அத வேற யாருக்கும் குடுக்கல. அதுக்கு மேல கித்தா போய் எண்ணெய்ப்பனை வந்து ஆளு குறைஞ்சு, கேஎல் பக்கம் தோட்டமே ஊராயிடுச்சு, பிராங் பெசார் தோட்டம்தான் இன்னிக்கு புத்ராஜெயா. புள்ளைங்க இல்லாம மூடினது கம்மி தம்பி, புள்ளைங்க இருந்த எடம் போனதுதான் ஜாஸ்தி.

கேள்வி: எங்க பையன் படிக்கிற பள்ளிக்கூடத்து பேருல 'லாடாங்'னு (மலாய்ல தோட்டம்) இருக்கு, சுத்தி கொண்டோதான் இருக்கு. பேர மாத்தினா என்ன?
– வாசகி, புக்கிட் ஜாலில்

பதில்: வேண்டாம்மா. அந்த ஒரு சொல்லுதான் மிச்சம்.

கேள்வி: பழைய தோட்டத்து மண்ரோட்ல சாதாரண கார் போகுமா?
– வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: காஞ்ச நாள்ல போகும், மழை பெஞ்சா செம்மண் வழுக்கும், சடக்குல (தார் ரோட்ல) நிறுத்திட்டு நடங்க. தனியார் நிலம், ஜாகாகிட்ட (காவலாளிகிட்ட) சொல்லிட்டு உள்ள போங்க, பழைய ஆளுன்னு சொன்னா பெரும்பாலும் விட்டுடுவாங்க. ஞாயித்துக்கிழமைன்னா குலை ஏத்துற லோரி கம்மி. கொசு மருந்து, தண்ணி, குடை. செந்தூல் தங்கச்சி, உங்களுக்கும்தான் சொல்றேன், காலையிலயே கெளம்புங்க, அப்பாவ முன் சீட்ல உக்கார வெச்சுக்குங்க, அந்த மண்ரோடு வந்ததும் வேகத்தக் குறைச்சிட்டு ஒண்ணும் பேசாதீங்க, எங்க திரும்பணும்னு அவரே சொல்வாரு.