மாலை போட்டா மாத்திரையை விட்டுடலாமா? தூக்க மாத்திரை கேள்வி-பதில்

போன மாசம் தூக்கம் வரலைன்னு ஒருத்தர் கேட்டதுக்கு பதில் சொன்னேன், அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல பாதி தூக்க மாத்திரை பத்திதான். பேரு, தெரு எல்லாம் எடுத்துட்டு அஞ்சு மட்டும் இங்க போடறேன்.

"ஏழு வருஷமா அல்பிரசோலம் 0.5 ராத்திரிக்கு ஒண்ணு போடறேங்க. கார்த்திகை ஒண்ணு மாலை போட்டேன், சுத்தபத்தமா இருக்கணும்னு அன்னைக்கே மாத்திரையை விட்டுட்டேன். மூணு நாளா பொட்டுத் தூக்கம் இல்ல, கொலுசுக்கு சலங்கை கோக்க கை நிக்கல. சாமி குத்தமாங்க?" (செவ்வாய்பேட்டை)

சாமி குத்தமெல்லாம் ஒண்ணும் இல்லங்க சாமி, மாத்திரையை பட்டுனு விட்ட குத்தம்தான். மூளைல காபான்னு ஒரு பிரேக் இருக்கு, இந்த மாத்திரை அந்த பிரேக்கை கூட சேர்ந்து அழுத்துது, ஏழு வருஷம் வேற ஆள் அழுத்திக்கிட்டே இருந்தா சொந்தக் கால் அழுத்தறதையே மறந்துடும், அந்த ஆள் திடீர்னு இறங்கிட்டா வண்டி பிச்சுக்கிட்டுதான் ஓடும். நடுக்கம், வேர்வை, படபடப்பு எல்லாம் அதான். இது வலிப்பு வரைக்கும் போகும், அதனால இதைப் படிச்ச உடனே எழுதிக் கொடுத்த டாக்டர்கிட்ட போங்க, நாளைக்குன்னு தள்ளாதீங்க. வலிப்பு வந்தாலோ, இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிஞ்சாலோ 108தான்.

பெரும்பாலும் பழைய டோஸையே திரும்ப ஆரம்பிச்சு ரெண்டு வாரம், நாலு வாரத்துக்கு ஒரு தடவை 5லேர்ந்து 10 சதவீதம்னு குறைப்பாங்க, மாசக்கணக்குல ஆகும், பொறுமை வேணும். "டாக்டர் சொன்ன அளவுதானே போட்டேன்"னு நிறைய பேர் கேக்கறீங்க. சொன்ன அளவுலயே தினமும் போட்டாலும் சில வாரத்துல, சில சமயம் சில நாள்லயே உடம்பு பழகிடும், 2020ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ, அல்பிரசோலம் வகை (பென்சோடயசெபைன்) மாத்திரை எல்லாத்துக்கும் மருந்துக் குறிப்புல கட்டம் கட்டி எச்சரிச்சதே இதுக்குத்தான். மருந்து போட்டுக்கிட்டே மலைக்குப் போறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க, உங்க குருசாமியையே கேட்டுப் பாருங்க.

"ஏற்காட்டுல டாக்ஸி ஓட்டறேன். ராத்திரி 12க்கு சோல்பிடெம் 10 போட்டுட்டு காலைல 5க்கு பார்ட்டியை சேலம் ஜங்ஷன்ல விடணும். ஒரு ஸ்ட்ராங் டீ அடிச்சா போதும்ல?"

போதாது. டீ கண்ணைத் திறந்து விடும், ஸ்டியரிங் புடிக்கற கணக்கை சரி பண்ணாது. இந்த மாத்திரை போட்டா முழுசா 7, 8 மணி நேரம் படுக்கணும், நீங்க அஞ்சு கூட படுக்கல. தெளிவா இருக்கற மாதிரியே தோணும், அதாங்க கெட்டது. பொம்பளைங்களுக்கு காலைலயும் ரத்தத்துல மருந்து நிறைய நிக்குதுன்னு 2013லயே எஃப்டிஏ 10ஐ 5 ஆக்கச் சொல்லிடுச்சு. 20 கொண்டை ஊசி வளைவுங்க, பின்னாடி குழந்தைகுட்டியோட உக்காந்திருக்கறவங்களை நினைச்சுப் பாருங்க. ஒண்ணு மாத்திரை, இல்ல காலை டிரிப், ரெண்டும் சேராது.

"அதே மாத்திரைதான் நானும் போடறேன். காலைல பாத்தா அடுப்படில தட்டுவடை செட் சாப்பிட்ட தட்டு, என் கை எல்லாம் பீட்ரூட் கறை. நான்தான் எந்திரிச்சு செஞ்சேன்னு வீட்ல சொல்றாங்க, எனக்கு சுத்தமா ஞாபகம் இல்ல." (ஃபேர்லேண்ட்ஸ்)

சிரிப்பா இருக்கும், ஆனா பீட்ரூட் துருவின கை அடுத்த நாள் கேஸ் அடுப்பையும் பத்த வைக்கும், கார் சாவியையும் எடுக்கும். தூக்கத்துலயே வண்டி ஓட்டினவங்க இருக்காங்க, அதனால 2019ல இதுக்கும் பெரிய எச்சரிக்கை போட்டாங்க. ஒரு தடவை இப்படி ஆச்சுன்னா திரும்ப இதைத் தொடக்கூடாது, இன்னைக்கு ராத்திரி போடாம டாக்டருக்கு போன் பண்ணி சொல்லிடுங்க, அவரு வேற வழி பாப்பாரு.

"அம்மாவுக்கு 74. பக்கத்து வீட்டு அக்கா அவங்களோட குளோனசெபம் பாதி உடைச்சுக் கொடுத்தாங்க, நல்லா தூங்கறாங்க. தினமும் கொடுக்கலாமா?" (ஆத்தூர்)

ஐயோ, வேணாம். அந்த மருந்து உடம்புல பாதியாக் குறையவே 30, 40 மணி நேரம் ஆகும், இன்னைக்குப் போட்ட பாதி போறதுக்குள்ள நாளைக்குப் பாதி வந்து சேரும். ராத்திரி ரெண்டு மணிக்கு பாத்ரூம் போறப்ப தலை சுத்தி விழுந்தா இடுப்பு எலும்புதான் போகும். முதல்ல ஏன் தூங்கலைன்னு பாருங்க. பிரஷருக்குக் கொடுக்கற நீர் மாத்திரையை சாயங்காலம் போடறாங்களா, முட்டி வலியா, மதியம் மூணு மணி நேரம் தூங்கறாங்களா? குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதான்னும் கவனிங்க, அப்படி இருந்தா இந்த மாத்திரை இன்னும் ஆபத்து.

"குவார்ட்டர் அடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு போடலாமா? அப்புறம், முன்னெல்லாம் மெடிக்கல்ல சும்மா கொடுப்பாங்க, இப்ப சீட்டு கேட்டு உயிரை எடுக்கறாங்க." (அஸ்தம்பட்டி)

போடக்கூடாது, ரெண்டும் சேர்ந்தா தூக்கத்துலயே மூச்சு அடங்கிடும். கோடீன் இருமல் மருந்து, டிரமடால் வலி மாத்திரை கூடவும் அப்படித்தான். மெடிக்கல்காரர் மேல கோவப்படாதீங்க, அல்பிரசோலம், சோல்பிடெம் எல்லாம் எச்1 பட்டியல்ல இருக்கு, 2014லேர்ந்து சீட்டு பாத்து நோட்டுல எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும், அவர் செய்யறது சரிதான். சீட்டுக்காக டாக்டர்கிட்ட போறப்ப வீட்ல இருக்கற எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு மஞ்சப்பைல போட்டு எடுத்துட்டுப் போங்க, ராத்திரி எவ்வளவு அடிக்கறீங்கன்னும் மறைக்காம சொல்லுங்க.