குறட்டைக்கு ஊசி போடலாமா? ஸ்லீப் லேபிலிருந்து சில பதில்கள்

தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய்க்கு அக்குபஞ்சர் உதவுமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்ல. தூக்கத்தைப் பரிசோதிக்கும் ஸ்லீப் லேபில் 14 வருடமாக இரவு டியூட்டி பார்க்கும் டெக்னீஷியன். கண்ணால் பார்த்ததையும் ஆய்வுகளில் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, அப்பாவின் ரிப்போர்ட்டில் ஏ.ஹெச்.ஐ. 22 என்று இருக்கிறது. அது பயப்பட வேண்டிய அளவா?

தூக்கத்தில் மணிக்கு சராசரியாக 22 தடவை மூச்சு நின்றிருக்கிறது அல்லது நன்றாகக் குறைந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் குறைந்தது 10 விநாடி. 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை.

இதை ஒரு தடவை திரையில் பார்த்தால் மறக்காது. குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று அடங்கும். ‘அப்பாடா, இப்பதான் அசந்து தூங்குகிறார்’ என்று வீட்டில் நினைப்பது அந்த நேரத்தில்தான். ஆனால் மூக்குக் காற்றைக் காட்டும் கோடு தட்டையாகக் கிடக்கும். நெஞ்சிலும் வயிற்றிலும் கட்டிய பெல்ட்டுகளின் கோடுகள் மட்டும் ஏறி இறங்கும். உடம்பு இழுக்கிறது, காற்று போகவில்லை. கொஞ்ச நேரத்தில் விரல் கிளிப்பில் ஆக்ஸிஜன் இறங்கும். அப்புறம் ஒரு பெரிய உறுமலோடு மூச்சு திரும்பும். காலையில் வயர்களைக் கழற்றும்போது கேட்டால், ‘நல்லாத்தானே தூங்கினேன்’ என்பார்.

கேள்வி: தொண்டை அடைப்பதற்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம்?

தூங்கும்போது நாக்குத் தசை தளர்ந்து பின்னால் சரிகிறது. தாடைக்குக் கீழே, குரல்வளைக்குச் சற்று மேலே லியன்சுவான் என்றொரு அக்குபஞ்சர் புள்ளி உண்டு. நாக்கின் அடித்தசைகள் அதற்கு நேர் மேலே இருக்கின்றன. அங்கே தூண்டினால் தசை இறுக்கம் பெறும் என்பது எண்ணம். ஊசியை எடுத்த பிறகும் அந்த இறுக்கம் ராத்திரி முழுக்க நிற்குமா என்பதுதான் என் சந்தேகம். நாக்கு நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி ஒன்றுக்கு 2014இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதை அறுவை செய்து நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைக்கிறார்கள். அது தூங்கும் நேரம் முழுக்க, மூச்சின் தாளத்துக்கு ஏற்ப வேலை செய்கிறது.

கேள்வி: ஊசியால் ஏ.ஹெச்.ஐ. பாதியாகும் என்று ஒரு அக்கு ஹீலர் சொன்னார். உண்மையா சார்?

அவர் கற்பனையாகச் சொல்லவில்லை. பிரேசிலின் சாவ் பாவுலோவில் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. நடுத்தர நிலையில் இருந்த 36 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சரியான புள்ளிகளில் ஊசி, இன்னொன்றுக்குப் புள்ளி அல்லாத இடங்களில் ஊசி, மூன்றாவதற்கு ஒன்றுமில்லை. வாரம் ஒரு முறை, 10 வாரம். சரியான புள்ளியில் போட்டவர்களுக்கு ஏ.ஹெச்.ஐ. சுமார் 20இலிருந்து 10க்கு இறங்கியது. பொய் ஊசிக்கு அப்படி இறங்கவில்லை.

நல்ல செய்திதான். ஆனால் கடைசிவரை நின்றவர்கள் 26 பேர். மூன்றாகப் பிரித்தால் குழுவுக்கு எத்தனை பேர் என்று பாருங்கள். பிரேசிலிலேயே ரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் பொய் ஊசியோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வு 2020இல் வந்தது. அதில் மூச்சுத்தடையும் குறையவில்லை, ரத்த அழுத்தமும் குறையவில்லை. இவ்வளவை வைத்துக்கொண்டு, தொண்டை அடைபடாமல் இருக்கக் காற்றை அழுத்தி அனுப்பும் சி-பேப் மெஷினின் மாஸ்க்கைக் கழற்றச் சொல்ல எனக்கு மனம் வராது.

கேள்வி: எட்டு முறை ஊசி போட்டுக்கொண்டேன். காலையில் பளிச்சென்று எழுகிறேன், குறட்டையும் குறைவு என்கிறாள் மனைவி. சி-பேப்பை நிறுத்தலாமா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள் தம்பி. இதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டு எங்கள் லேபுக்கு ஒருவர் வந்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. நானே ‘குறைந்திருக்கும்’ என்றுதான் வயர் மாட்டினேன். விடிகாலை மூன்று மணிக்குத் திரையில் பழைய படமே ஓடியது. அவரிடம் எப்படிச் சொல்வது என்று விடியும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன். உடம்பு லேசாக இருப்பது வேறு, மூச்சு நிற்காமல் இருப்பது வேறு. ஊசியைத் தொடருங்கள், மாஸ்க்கும் இருக்கட்டும். பத்து முறை முடிந்ததும் மருத்துவரிடம் கேட்டு, மாஸ்க் இல்லாமல் ஒரு ஸ்லீப் ஸ்டடி எடுங்கள். எண் 5க்குக் கீழே வந்தால் அவரோடு உட்கார்ந்து பேசலாம்.

கேள்வி: மாஸ்க் போட்டாலே மூச்சு முட்டுகிறது. அதனால்தான் ஊசியைத் தேடினேன்.

பலர் மாஸ்க்கை வெறுப்பது அளவு சரியில்லாததால். மூக்கை மட்டும் மூடும் சின்ன மாஸ்க் கேட்டுப் பாருங்கள். காற்றழுத்தம் மெல்ல மெல்ல ஏறும்படி மெஷினில் வைக்கலாம். வாய் வறண்டால் ஈரப்பதத் தொட்டியில் தண்ணீர் ஊற்றுங்கள். பகலில் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுப் பழகுங்கள்.

கேள்வி: பேஸ்மேக்கர் இருக்கிறது. ஊசி போடலாமா?

மின்சார இணைப்போடு போடும் ஊசி வேண்டாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊசி உங்கள் கண் முன்னே புதிதாகப் பிரிக்கப்பட வேண்டும்.

கேள்வி: மருந்தில்லாமல் வேறு ஏதாவது வழி?

நாக்கு, தொண்டைப் பயிற்சி. 2009இல் அதே சாவ் பாவுலோவில் 31 பேரை வைத்துச் செய்த ஆய்வில், மூன்று மாதம் பயிற்சி செய்தவர்களுக்கு ஏ.ஹெச்.ஐ. 22.4இலிருந்து 13.7க்கு இறங்கியது. இதுவும் சிறிய ஆய்வுதான். ஆனால் செலவில்லை. ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் கற்றுக்கொள்ளுங்கள். கூடவே எடையைக் குறையுங்கள், ஒருக்களித்துப் படுங்கள், ராத்திரி மது வேண்டாம்.