பூங்கா அரங்குகளின் படச்சுருளும் லேசர் டிஸ்க்கும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கேளிக்கைப் பூங்காக்களின் அரங்குகளில் மட்டுமே காட்டுவதற்காக எடுக்கப்பட்ட படங்களைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். புரொஜக்டர் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் தன் கிடங்கை ஒழித்தபோது, அப்படிப்பட்ட ஓர் அரங்கிலிருந்து கழித்துவிடப்பட்டவை என்று சொல்லி, ஒரு 70 மி.மீ. படச்சுருளையும் உறையில்லாத இரண்டு லேசர் டிஸ்க்குகளையும் (பழைய வீடியோ வட்டு வகை) என்னிடம் கொடுத்தார். சுருள் ஏறத்தாழ 400 மீட்டர் இருக்கும். டப்பாவைத் திறந்ததும் லேசான புளித்த காடி வாடை வந்தது. படம் முழுக்க இளஞ்சிவப்பேறிக் கிடக்கிறது. ஓரத்தில் ஒலித்தடமே இல்லை. டிஸ்க்குகளில் கையால் எழுதிய எண் மட்டும் இருக்கிறது. ஒன்றை நண்பரின் பிளேயரில் போட்டுப் பார்த்தோம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத துண்டுக் காட்சிகள் வந்தன. இரண்டு ஒலித்தடங்களில் ஒன்றில் கரகரவென்று இரைச்சல். பழுது என்று நிறுத்திவிட்டோம்.

இத்தகைய காட்சிகளைப் பார்வையாளர்கள் கேமராவில் எடுத்த பதிவுகள் யூடியூபில் கிடைக்கும்போது, இவற்றைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டுமா? வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது? ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிடலாமா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

பழுது என்று நீங்கள் ஒதுக்கிய கரகர இரைச்சலிலிருந்தே தொடங்குகிறேன். அது பெரும்பாலும் டைம்கோடாக இருக்கும். விளக்கு எப்போது அணைய வேண்டும், கதவு எப்போது திறக்க வேண்டும், புகை எப்போது வர வேண்டும் என்று அரங்கின் கட்டுப்பாட்டுக் கருவி தெரிந்துகொள்வதற்காக, பார்வையாளர் காதுக்குப் போகாத ஒரு தடத்தில் பதிந்துவைத்த கடிகாரம் அது. காட்சிகள் துண்டு துண்டாக வருவதற்கும் காரணம் உண்டு. லேசர் டிஸ்க்கில் சி.ஏ.வி. என்றொரு வகையில் தட்டு ஒரு சுற்று சுற்றினால் ஒரு ஃபிரேம். அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. தொலைக்காட்சி முறையில் நிமிடத்துக்கு 1800 சுற்று. ஒரு பக்கம் 30 நிமிடம் ஓடும்; ஆகவே அதில் 54,000 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எண் உண்டு என்பதால், கட்டுப்பாட்டுக் கணினி எந்த எண்ணைச் சொல்கிறதோ அந்த இடத்துக்குப் பிளேயர் தாவும். தட்டில் காட்சிகள் கிடக்கும் வரிசையும் அரங்கில் அவை ஓடிய வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் தட்டு இவ்வகைதானா என்று அறியப் பிளேயரே தேவையில்லை. விளக்கின் கீழே சற்றுச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மையத்துக்கு இருபுறமும் எதிரெதிராக, விளிம்பு நோக்கி விரியும் இரண்டு ஆரப்பட்டைகள் தெரிந்தால் அது சி.ஏ.வி.

நான் சொல்ல விரும்புவது இந்த இரைச்சலிலேயே இருக்கிறது. திரையரங்குப் படத்தைப் போல இவை தம்மளவில் முழுமையானவை அல்ல. அரங்கு, ஆடும் இருக்கை, விளக்கு, புகை ஆகியவற்றோடு சேர்ந்தே இவை ஒரு காட்சியாக இருந்தன. எனவே பார்க்க அழகாக இருப்பதை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, புரியாததைக் குப்பை என்று தள்ளுவதுதான் இவ்விஷயத்தில் நாம் செய்யக்கூடிய பெரிய தவறு.

பார்வையாளர் எடுத்த பதிவுகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. டிஸ்னி பூங்காக்களில் 1986இல் தொடங்கிய ‘கேப்டன் ஈஓ’ என்ற 17 நிமிட முப்பரிமாணப் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா இயக்கியது, மைக்கேல் ஜாக்சன் நடித்தது. ஜாக்சனின் மறைவுக்குப் பின் 2010இல் அது மீண்டும் ஓடியது; ஆனால் முதலில் திரைக்கு வெளியே அரங்குக்குள்ளேயே பாய்ந்த லேசர் கதிர்கள் திரும்ப வரவில்லை. படப்பிரதி பத்திரமாக இருந்தும் காட்சி முழுதாகத் திரும்பவில்லை. அந்தக் கதிர்கள் எப்படி இருந்தன என்று அறிய யாரோ ஒருவர் கை நடுங்க எடுத்த மங்கலான வீடியோவைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. மறுபக்கம், டிஸ்னியின் சர்க்கிள்-விஷன் அரங்கில் ஒன்பது புரொஜக்டர்கள் ஒன்பது திரைகளில் சுற்றிலும் படம் காட்டின. பார்வையாளர் தலைகளுக்கு மேலே, இரு திரைகளுக்கு நடுவிலுள்ள இடுக்கு வழியாக எதிர்த்திரைக்கு ஒளி போக வேண்டும் என்பதற்காகவே ஒற்றைப்படை எண்ணிக்கை. அங்கே நின்ற ஒருவரின் கேமராவுக்கு வட்டத்தின் ஒரு பகுதிதான் கிடைத்திருக்கும். ஒன்பதில் ஒரு சுருள் தொலைந்தாலோ, வட்டத்தில் 40 பாகை ஓட்டை விழுகிறது. ஆக, பதிவு சுருளுக்கு மாற்றாகாது, சுருளும் பதிவுக்கு மாற்றாகாது. ஆம், மெனக்கெடத்தான் வேண்டும்.

இந்தச் சுருள்கள் இவ்வளவு அரிதாகிவிட்டதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. நான்கு நிமிடக் காட்சியை மணிக்குப் பத்து முறை, நாளுக்குப் பத்து மணி நேரம் ஓட்டினால் ஆண்டுக்கு 36,500 முறை ஓடியிருக்கும். தேய்ந்த பிரதியைக் கழற்றிப் புதியதை மாட்டுவார்கள். தேய்ந்தது குப்பைக்குப் போகும். அரங்கையே மூடும்போது மிச்சப் பிரதிகளும் அதே வழியில் போகும். ஊர் ஊராக வெளியிடப்பட்ட படம் அல்ல என்பதால், எங்காவது ஒரு திரையரங்கின் மூலையில் இன்னொரு பிரதி கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை.

உங்கள் சுருளை இனி ஒரு மேசையில் வைத்து, பருத்திக் கையுறையோடு, தலைப்பகுதியை மட்டும் ஓரடி பிரித்துப் பாருங்கள். ஒரு ஃபிரேமுக்கு எத்தனை ஓரத்துளை என்று எண்ணுவதே முதல் வேலை. செங்குத்தாக ஐந்து என்றால் வழக்கமான 70 மி.மீ.; எட்டு என்றால் ஆடும் இருக்கை கொண்ட சிமுலேட்டர் சவாரிகளிலும் சிறப்பு அரங்குகளிலும் புழங்கிய வடிவம்; படம் பக்கவாட்டில் கிடந்து பதினைந்து துளை இருந்தால் ஐமாக்ஸ் குடும்பம். பதினைந்து துளையோடு கட்டடங்களும் அடிவானமும் மீன்கண் லென்ஸில் பார்த்தது போல வளைந்திருந்தால் அது அரைக்கோளக் கூரையே திரையாக அமைந்த கவிகை அரங்குக்கானது. ஃப்ளோரிடாவில் 1991இல் திறந்த ‘பேக் டு த ஃப்யூச்சர்’ சவாரிக்கு இயக்குநர் டக்ளஸ் ட்ரம்புல் எடுத்த படம் அப்படிப்பட்டதுதான். நொடிக்கு 24 ஃபிரேம் என்று கொண்டால், உங்கள் 400 மீட்டர் ஐந்து துளை வடிவத்தில் கிட்டத்தட்ட 12 நிமிடம், பதினைந்து துளையில் நான்கு நிமிடம்கூட வராது. துளை எண்ணிக்கையிலிருந்தே இது எந்த மாதிரியான காட்சி என்று பாதி ஊகித்துவிடலாம். ஒலித்தடம் இல்லாததைக் கண்டு ஊமைப்படம் என்று முடிவு கட்ட வேண்டாம். இந்த அரங்குகளில் ஒலி பெரும்பாலும் தனி நாடாவிலோ தனிக் கருவியிலோ ஓடியது. ஐமாக்ஸிலும் அதுவே வழக்கம். ஒலியைப் படத்தோடு பொருத்துவதற்கான தொடக்கக் குறி சுருளின் தலைப்பகுதியில்தான் இருக்கும் என்பதால், கறுப்பாகக் கிடக்கிறதே என்று அந்த முனையை யாரும் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓரத்தில் கோடக் என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற சிறு குறிகள் இருந்தால் அவற்றைப் படமெடுத்து வையுங்கள். ஃபிலிம் தயாரான ஆண்டை அவை சொல்லும். ஒரே குறி பல ஆண்டுகள் கழித்துத் திரும்பவும் வரும் என்பதால், அதோடு மற்றச் சான்றுகளையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும்.

காடி வாடை, ஃபிலிமின் அடித்தளமான அசிடேட் என்ற பிளாஸ்டிக் சிதைவதன் அடையாளம். அது உடைந்து அசெட்டிக் அமிலம் வெளியாகிறது. அந்த அமிலமே மேலும் சிதைவைத் தூண்டுவதால் நோய் போகப்போக வேகமெடுக்கும், பக்கத்திலுள்ள சுருளையும் தொற்றும். பாலியெஸ்டரை அடித்தளமாகக் கொண்ட ஃபிலிமுக்கு இது வராது. சுருட்டிய சுருளைப் பக்கவாட்டில் விளக்குக்கு எதிரே பிடித்தால், பாலியெஸ்டர் ஒளியை ஊடுருவ விடும், அசிடேட் இருட்டாகவே இருக்கும். இளஞ்சிவப்பு வேறு சங்கதி. நீலப்பச்சைச் சாயம் மற்றவற்றுக்கு முன்பே மங்கிவிட்டதால் அப்படித் தெரிகிறது. அதை ஸ்கேனில் ஓரளவு மீட்கலாம், சிதைவை மீட்க முடியாது. மற்றச் சுருள்களிலிருந்து பிரித்து, காற்றுப் புகும் டப்பாவில், குளிர்ச்சியாகவும் ஈரப்பதம் குறைவாகவும் வைப்பது அதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்க, அமிலம் பட்டால் நீலத்திலிருந்து பச்சை வழியாக மஞ்சளுக்கு மாறும் ஏ-டி எனப்படும் சோதனைத்தாள் துண்டுகள் கிடைக்கின்றன.

எக்காரணம் கொண்டும் அதைப் புரொஜக்டரில் ஏற்றாதீர்கள். இதை உபதேசமாகச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் கைக்கு வந்த ஒரு பழைய சுருளை, என்ன படம் என்று பார்க்கும் அவசரத்தில் நானே ஏற்றினேன். அசிடேட் சுருங்கியிருந்ததால் துளைகள் பற்சக்கரத்தோடு ஒத்துப்போகவில்லை. இருபது நொடிக்குள் ஒரு பக்க ஓரம் முழுக்கக் கிழிந்து சுருண்டு தரையில் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. 70 மி.மீ.யைக் கையாளும் ஸ்கேனர்கள் சொற்பமே என்றாலும், பற்சக்கரம் இல்லாமல் ஃபிலிமை நகர்த்தும் ஒன்றைத் தேடிக் காத்திருப்பதே மேல். ஸ்கேன் செய்யும்போது படத்தை மட்டுமல்லாமல் துளைகளும் ஓர எழுத்துகளும் தெரியுமாறு எடுக்கச் சொல்லுங்கள். நிறம் திருத்தாத கோப்பே மூலம். திருத்தியதைத் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

டிஸ்க்குகளின் கதை வேறு. லேசர் படிப்பதால் ஓட்டித் தேய்வதில்லை, ஆனால் சும்மா வைத்திருந்தாலும் கெடலாம். இரண்டு அக்ரிலிக் தட்டுகளை ஒட்டிய பசை சரியில்லாமல் உள்ளிருக்கும் அலுமினியப் படலம் ஆக்சிஜனேற்றம் அடைந்தால், திரையில் வண்ணப்பொரி தூவியது போலப் புள்ளிகள் தோன்றும்; நாளாக ஆகப் பெருகும். பயனியர் நிறுவனம் பிளேயர் தயாரிப்பை நிறுத்துவதாக 2009இல் அறிவித்துவிட்டது என்பதால், ஓட்டும் கருவிகளும் அருகிவருகின்றன. லேசர் என்ற பெயரைக் கேட்டுப் பலர் இதைச் சி.டி. போல டிஜிட்டல் என்று எண்ணுகிறார்கள். படம் அனலாக் சமிக்ஞைதான். பிளேயரின் வீடியோ வெளியீட்டைப் பதிவு செய்தால் அந்தப் பிளேயரின் குறைகளும் சேர்ந்தே பதிவாகும். அதற்கு மாற்றாக, லேசர் முனையிலிருந்து வரும் மூலச் சமிக்ஞையையே நொடிக்கு நான்கு கோடி மாதிரிகளாகப் பிடிக்கும் ‘டூம்ஸ்டே டூப்ளிகேட்டர்’ என்ற திறந்த வன்பொருளும், அதைப் படமாக மாற்றும் ‘எல்டி-டிகோட்’ என்ற மென்பொருளும் இன்று ஆர்வலர்களிடம் இருக்கின்றன. பிபிசி 1986இல் வெளியிட்ட ‘டூம்ஸ்டே’ என்ற லேசர் வட்டுகளைக் காப்பாற்றும் முயற்சியில் பிறந்ததால் அந்தப் பெயர். இம்முறையின் பெரும் பயன், ஒரே பதிப்பின் பல பிரதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒன்றில் விடுபட்ட புள்ளிகளை இன்னொன்றிலிருந்து நிரப்பலாம் என்பது. உங்கள் இரண்டு தட்டுகளும் ஒரே எண் கொண்டவை என்றால் ஒன்றைக்கூட யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். எல்லா ஒலித்தடங்களையும், அந்த இரைச்சலையும் சேர்த்து, எடுத்துவிடுங்கள்.

இணையத்தில் ஏற்றலாமா என்பதற்கு என் பதில், இப்போது வேண்டாம் என்பதே. சுருள் உங்கள் கைக்கு வந்ததால் மட்டும் அதிலுள்ள படத்தின் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. சுருக்கிய கோப்பு இணையத்தில் வந்ததும் ‘கிடைத்துவிட்டது’ என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். மூலச்சுருள் பிறகு யார் கண்ணிலும் படாமல் மக்கிப்போகிறது. அதற்காக, புதையல் காத்த பூதம் போல யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கும் சேகரிப்பாளர்களின் வழியும் எனக்கு உடன்பாடில்லை. என்ன இருக்கிறது என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். குளிர்கிடங்கு உள்ள ஒரு திரைப்பட ஆவணக் காப்பகத்திடம் சுருளை ஒப்படைக்கப் பேசுங்கள். ஸ்கேன் கோப்பின் பிரதி ஒன்றை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த முதியவரை இந்த வாரமே போய்ப் பாருங்கள். தட்டின் நடுவிலுள்ள எண் யார் எழுதியது, எந்தக் கருவியோடு அது இணைக்கப்பட்டிருந்தது, சுருள் தனித்து ஓடியதா அல்லது பக்கத்தில் வேறு புரொஜக்டர்களும் சேர்ந்து ஓடினவா, இருக்கை எந்தக் கட்டத்தில் சாய்ந்தது என்று கேட்டு, அவர் சொல்வதை அவர் குரலிலேயே பதிவு செய்யுங்கள். டிஸ்க்கைக் கையில் கொடுத்துக் கேட்டால் இன்னும் கொஞ்சம் நினைவுக்கு வரும்.

அன்புடன்.