மாத்திரை சாப்பிடும்போது தெரபியும் எதற்கு?

கேள்வி: ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு கார் விபத்து. ஓட்டியது நான். பக்கத்தில் இருந்த தோழிக்குக் காலில் பலத்த அடி. எனக்குக் கீறல்கூட இல்லை. அதற்கப்புறம் தூக்கம் போயிற்று. கெட்ட கனவு. பிரேக் சத்தம் கேட்டாலே உடம்பு விறைத்துவிடும். பி.டி.எஸ்.டி. (பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநலப் பாதிப்பு) என்று சொல்லி மனநல மருத்துவர் செர்ட்ராலின் மாத்திரை கொடுத்தார். ஐந்து மாதமாகச் சாப்பிடுகிறேன். முன்னைக்கு இப்போது பரவாயில்லை, ஆனால் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. சைக்கோதெரபியும் (பேச்சுவழிச் சிகிச்சை) சேர்த்துச் செய்யலாம் என்கிறார் மருத்துவர். “ஆறுகிற புண்ணை எதற்குக் கிளற வேண்டும்?” என்கிறார் கணவர். “தெரபி போவதானால் மாத்திரையை நிறுத்திவிடு” என்கிறாள் தங்கை. இரண்டு முறை போனேன். பயத்தில், கிளம்புவதற்கு முன் வீட்டில் இருந்த அல்பிரசோலம் (பதற்றத்தைச் சட்டென்று தணிக்கும் மாத்திரை) ஒன்றைப் போட்டுக்கொண்டேன். மருந்து, தெரபி இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சேர்த்துச் செய்யலாம். உங்கள் நிலையில் செய்வதுதான் நல்லது. ஆனால் அந்த அல்பிரசோலம் இந்தக் கூட்டணியில் சேராது. அதை முதலில் பேசிவிடுவோம்.

தெரபி அறையில் பயம் வருவது ஏதோ தப்பு நடக்கிறது என்பதற்கு அடையாளம் இல்லை. சிகிச்சையே அந்தப் பயத்தை வைத்துத்தான் நடக்கிறது. விபத்தை நினைக்கிறீர்கள், பயம் ஏறுகிறது, ஓடாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள், பயம் தானாக இறங்குகிறது. ‘நினைப்பது வேறு, மறுபடி நடப்பது வேறு’ என்று மூளை கற்றுக்கொள்வது அந்த நேரத்தில்தான். அல்பிரசோலம் போட்டுக்கொண்டு போனால் பயம் சரியாக ஏறுவதே இல்லை. கொஞ்சம் தேறினாலும் பெருமை மாத்திரைக்குப் போய்விடும். இது என் ஊகம் இல்லை. போர்முனையிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்களிடம் செய்து 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இப்படித் தெரபிக்கு முன் அல்பிரசோலம் கொடுக்கப்பட்டவர்கள், மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மூன்று மாதம் கழித்து மோசமாக இருந்தார்கள். பி.டி.எஸ்.டி.க்கு இந்த வகை மருந்துகள் வேண்டாம் என்றே முக்கியமான வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. நீங்கள் போட்டது இரண்டே தடவை, அத்தோடு விட்டுவிடுங்கள். (தினமும் இதைச் சாப்பிட்டுவரும் வாசகர்கள் இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்புவரை போகலாம். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.)

செர்ட்ராலின் சமாச்சாரம் வேறு. அது அரை மணி நேரத்தில் ஆளை அமைதிப்படுத்தும் மருந்து இல்லை. நான்கு, ஆறு வாரம் எடுத்துக்கொண்டு, எதற்கெடுத்தாலும் தூக்கிவாரிப் போடுவதையும் எரிச்சலையும் மெல்லக் குறைக்கும். பி.டி.எஸ்.டி.க்கென்று அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்துகள் இரண்டுதான்: 1999இல் இது, 2001இல் பராக்ஸெடின். வென்லாஃபாக்ஸினையும் பரிந்துரைக்கிறார்கள். இவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே தெரபி செய்யத் தடையில்லை. இரவு தூங்கி எழுந்து வருகிறவரால் அந்த அறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார முடிகிறது என்பதே பெரிய உதவி.

அதற்காக இரண்டும் சேர்ந்தால் பலன் இரட்டிப்பு என்று சொல்ல மாட்டேன். படைவீரர்களிடம் செய்து 2019இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் ஒரு குழுவுக்கு செர்ட்ராலின், இன்னொன்றுக்குத் தெரபி, மூன்றாவதற்கு இரண்டும். மூன்று குழுவும் தேறின. சேர்த்துச் செய்த குழு மட்டும் தனியாக முன்னே ஓடிவிடவில்லை. ஆனால் 2006இல் வந்த ஒரு சின்ன ஆய்வு உங்கள் கதைக்கு இன்னும் பக்கத்தில் இருக்கிறது. அதில் எல்லோருக்கும் முதலில் பத்து வாரம் செர்ட்ராலின் கொடுத்தார்கள். அப்புறம் பாதிப் பேருக்குத் தெரபியையும் சேர்த்தார்கள். மருந்திலேயே நன்றாகத் தேறியிருந்தவர்களுக்கு அதனால் பெரிதாகக் கூடுதல் லாபம் இல்லை. அரைகுறையாகத் தேறியவர்களுக்கு இருந்தது. ‘முன்னைக்கு இப்போது பரவாயில்லை, ஆனால்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ‘ஆனால்’காரர்களுக்குத்தான்.

உங்கள் கணவர் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் புண் என்ற உவமை இங்கே பொருந்தாது. புண்ணைத் தொடாமல் விட்டால் ஆறும். பயத்தைத் தொடாமல் விட்டால் வளரும். இன்று ஸ்டியரிங், நாளை முன்சீட்டு, அப்புறம் அந்தச் சாலை, அப்புறம் எந்தச் சாலையும் என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்து, கடைசியில் வீட்டுக்குள்ளேயே முடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிளறுவது என்று அவர் நினைப்பது நடைமுறையில் எப்படி இருக்கும் தெரியுமா? ‘நீடித்த எதிர்கொள்ளல்’ என்ற முறையில், கண்ணை மூடிக்கொண்டு நடந்ததை இப்போது நடப்பதுபோலச் சொல்லச் சொல்வார்கள். “வலது பக்கம் திருப்புகிறேன். எதிரே விளக்கு தெரிகிறது. அவள் என் பெயரைக் கத்துகிறாள்.” நடுநடுவே, “பதற்றம் இப்போது நூற்றுக்கு எவ்வளவு?” என்ற கேள்வி மட்டும் வரும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அதைப் பதிவு செய்து கொடுத்து, வீட்டில் தினமும் கேட்கச் சொல்வார்கள். முதல் நாள் தொண்ணூறு என்றவர் சில வாரங்களில் முப்பது என்று சொல்லிவிட்டு, கதையின் நடுவில் கொட்டாவி விட்டதும் உண்டு. பொதுவாக எட்டு முதல் பதினைந்து அமர்வு. முதல் சில வாரங்கள் சிலருக்குக் கனவுகள் கூடலாம். அதைக் கண்டு நின்றுவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய வரி வேறு. “ஓட்டியது நான்... எனக்குக் கீறல்கூட இல்லை.” பயத்துக்கு அடியில் குற்ற உணர்ச்சி இருக்கிறதோ என்று தோன்றுகிறது. மாத்திரை படபடப்பைக் குறைக்கும். ‘என்னால்தான் அவளுக்கு இப்படி ஆயிற்று’ என்ற தீர்ப்பை அது திருத்தி எழுதாது. அந்தத் தீர்ப்பை எடுத்துவைத்து வரிவரியாகக் குறுக்கு விசாரணை செய்வதற்கென்றே பன்னிரண்டு அமர்வு கொண்ட ‘அறிவுசார் செயலாக்க’த் தெரபி ஒன்று இருக்கிறது. ஈ.எம்.டி.ஆர். என்று கண்ணசைவை வைத்துச் செய்யும் முறையும் உண்டு. எது உங்களுக்கு என்பதைத் தெரபிஸ்ட் முடிவு செய்யட்டும், ஆனால் இந்த வரியை அவரிடம் அப்படியே சொல்லுங்கள். டாக்டரிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். பத்து நிமிட மருந்துச்சீட்டுச் சந்திப்பில் யாருக்கும் அது வாயில் வராது.

தங்கை சொல்வது மட்டும் இப்போது வேண்டவே வேண்டாம். செர்ட்ராலினைச் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், விசித்திரக் கனவு, மண்டைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோல ஒரு வெட்டு எல்லாம் வரலாம். அதே வாரம் தெரபியும் சூடுபிடித்தால், எது எதனால் வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தெரபி நடக்கிற வாரங்களில் மருந்தின் அளவை முடிந்தவரை மாற்றாமல் வைத்திருப்பதுதான் என் வழக்கம். நன்றாகத் தேறி சில மாதங்கள், பலருக்கு ஒரு வருடம்வரை தொடர்ந்துவிட்டு, மெதுவாகக் குறைக்கலாம். பக்கவிளைவு ஏதாவது, தாம்பத்திய ஆர்வம் குறைவது உட்பட, தொந்தரவு கொடுத்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று வழி இருக்கிறது. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினால் மட்டும் அடுத்த சந்திப்புவரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே சொல்ல வேண்டும்.

மருந்து தருபவரும் தெரபி செய்பவரும் வேறுவேறு ஆட்கள் என்றால் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள அனுமதி கொடுத்துவிடுங்கள். அல்பிரசோலம் விஷயத்தை இருவரிடமும் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள்.

உங்களுக்கு வரப்போகும் வீட்டுப்பாடங்களில் ஒன்று அநேகமாக இப்படி இருக்கும்: நிறுத்திவைத்த காரில், என்ஜினைப் போடாமல், ஓட்டுநர் சீட்டில் பயம் இறங்கும்வரை உட்கார்ந்திருப்பது. முதல் சில நாள் கணவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக்கொள்ளலாமா என்று தெரபிஸ்டிடம் கேளுங்கள். சரி என்றால் கூட்டிப்போங்கள். “போதும், இறங்கிவிடு” என்று மட்டும் சொல்லக் கூடாது என்று அவரிடம் முன்கூட்டியே வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.