மலையாளத்தில் ‘இல்ல’, ‘அல்ல’ இரண்டுமே நம் ‘இல்லை’தானே? எங்கே எதைச் சொல்வது?

இரண்டும் ஒன்றல்ல. மாற்றிச் சொன்னால் பொருளே மாறிவிடும். மருத்துவமனையில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவரைப் பற்றி விசாரிக்கிறீர்கள். ‘டாக்டர் அல்ல’ என்று பதில் வந்தால் அவர் வேறு வேலை பார்ப்பவர். ‘டாக்டர் இல்ல’ என்றால் டாக்டரே இன்று வரவில்லை, நீங்கள் வீட்டுக்குக் கிளம்பலாம். துணிக்கடையிலும் அப்படித்தான்: கடைக்காரர் ‘இதில்ல’ என்றால் சரக்கு தீர்ந்துவிட்டது, நீங்கள் ‘இதல்ல’ என்றால் வேறொன்றை எடுத்துக் காட்டுவார்.

பேச்சுத் தமிழில் ‘அல்ல’ ஏறக்குறைய மறைந்துவிட்டதால்தான் நமக்கு இந்தத் தடுமாற்றம். ஆனால் வேறுபாடு மறைந்துவிடவில்லை. ‘சர்க்கரை இல்லாத இனிப்பு’, ‘சர்க்கரை அல்லாத இனிப்பு’ இரண்டும் வேறு என்பது யாரும் சொல்லித்தராமலே நமக்குத் தெரியும். அதையே உரைகல்லாக வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல வந்ததற்கு ‘இல்லாத’ பொருந்தினால் இல்ல, ‘அல்லாத’ பொருந்தினால் அல்ல. காசு இல்லாத ஆள்: காசில்ல. டாக்டர் அல்லாத ஆள்: டாக்டர் அல்ல.

கேள்வியின் கடைசிச் சொல்லும் வழி காட்டும். ‘ஆணோ?’ (நம் ‘தானா?’) என்று முடிந்தால் மறுப்பு ‘அல்ல’, ‘உண்டோ?’ (நம் ‘இருக்கிறதா?’) என்று முடிந்தால் ‘இல்ல’.

கன்னடத்திலும் இல்ல, அல்ல என்ற அதே இணைதான். தெலுங்கில் ‘இல்ல’வுக்கு ‘லேது’, ‘அல்ல’வுக்கு ‘காது’. மலாயிலும் ‘டாக்டர் அல்ல’ என்பதற்கு ‘புக்கான் டாக்டர்’, ‘டாக்டர் இல்லை’ என்பதற்கு ‘தாக் அடா டாக்டர்’ என்று தனித்தனிச் சொற்கள் உண்டு.

வினைச்சொல்லோடு சேரும்போது மலையாளத்தில் பெரும்பாலும் ‘இல்ல’தான். அங்கே உரைகல் தேவையில்லை, காதைத்தான் தீட்டிக்கொள்ள வேண்டும். பேருந்து நிறுத்தத்தில் ‘பஸ் வந்நில்ல’ என்றால் இன்னும் வரவில்லை, காத்திருக்கலாம். ‘பஸ் வரில்ல’ என்றால் வராது. தமிழ்க் காதுக்கு ‘வரில்ல’ அப்படியே நம் ‘வரல’ போலக் கேட்கும். இன்னும் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, வரப்போகாத பேருந்துக்கு நின்றுகொண்டே இருப்போம். ‘வந்’ என்று தொடங்கினால் நேற்று அல்லது இதுவரை, ‘வரி’ என்று தொடங்கினால் இனிமேல். ‘போயில்ல’ போகவில்லை, ‘போகில்ல’ போகமாட்டேன் அல்லது போகாது. தொலைபேசியில் இந்த இரண்டும் இன்னும் நெருக்கமாகக் கேட்கும். ஐயம் வந்தால் ‘இனி வரில்லே?’ என்று ஒருமுறை திருப்பிக் கேட்டுவிடுங்கள்.