பயிற்சி பலித்ததா? கேள்வி பதில்

மதுரைப் பக்கத்து மில்களிலும் பட்டறைகளிலும் இருபது வருடமாகப் பயிற்சி நடத்துகிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கப்பலூர், எச்.ஆர்.: கருத்துப் படிவத்தில் ஐந்துக்கு 4.7 வந்தது சார். முதலாளி, "அதனால் என்ன பலன்?" என்கிறார்.

முதலாளி சரியாகத்தான் கேட்கிறார். பயிற்சியை மதிப்பிடுவது பற்றி எழுதிய அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் நான்கு படிகளைச் சொன்னார்: வந்தவருக்குப் பிடித்ததா, கற்றாரா, வேலை செய்யும் விதம் மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் கிடைத்ததா. உங்கள் படிவம் முதல் படியிலேயே நிற்கிறது.

மூன்றாவது படிதான் கடினம். ஒரு நூற்பாலையில் அறுந்த இழையைப் பிணைக்க மூன்று நாள் பயிற்சி கொடுத்தேன். தேர்வில் எல்லோரும் தேறினார்கள். ஒரு மாதம் கழித்து இரவு ஷிப்டில் போய் நின்றேன். நன்றாகத் தேறிய பெண்ணே, சொல்லிக் கொடுத்தபடி பிணைக்காமல், இழையை நீளமாக ஒட்டிவிட்டு அடுத்த சைடுக்கு (நூற்பு மெஷினின் ஒரு பக்கம்) ஓடினார். கேட்டதற்கு, "தெரியும் சார், பயிற்சிக்கு அப்புறம் ரெண்டு சைடு கூடக் கொடுத்துட்டாங்க" என்றார். அவருக்கு எதுவும் மறக்கவில்லை. ஆளுக்கு எத்தனை சைடு என்று முடிவு செய்கிறவர்கள் ஒருவர்கூட வகுப்புக்கு வரவில்லை. அறிக்கையில் 'வெற்றி' என்று எழுத எனக்கு மனசு வரவில்லை.

எத்தனை இழை அறுந்தது, எத்தனை பீஸ் கெட்டது என்று பயிற்சிக்கு முந்தைய கணக்கை எடுத்து வையுங்கள். அது இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம்.

திருமங்கலம்: தேர்வு எப்போது வைக்கலாம்?

ஒரு மாதம் கழித்து. படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-லேயே காட்டிவிட்டார்.

உசிலம்பட்டி: பயிற்சிச் செலவுக்கு ஜி.எஸ்.டி. எப்படி?

ஆடிட்டரைக் கேளுங்கள்.

விளாங்குடி: நல்ல கருத்துப் படிவம் ஒன்று அனுப்புங்களேன்.

கப்பலூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அனுப்பானடி, பட்டறை: பயிற்சிக்கு அப்புறம் ரிஜெக்ட் (கெட்டுப்போனதென்று தள்ளும் பீஸ்) குறைந்தது. ஆனால் அதே மாதம் புது மெஷினும் வந்தது. எதனால் குறைந்தது?

அருமையான கேள்வி. ஒரு ஷிப்டுக்கு முதலில் பயிற்சி கொடுங்கள், மற்றதற்கு இரண்டு மாதம் கழித்து. மெஷின் இரண்டுக்கும் பொது. வித்தியாசம் தெரிந்துவிடும். முந்தைய கணக்கு இருந்தால்தான் இதுவும் நடக்கும்.

மேலூர்: எல்லாத்தையும் எண்ண முடியுமா அண்ணே? அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில் கிராமத்துப் பெண்கள் பக்கத்தில் நின்று பார்த்தே வேலை கற்கிறார்களே!

பார்த்தும் கற்கிறார்கள், முறையான பயிற்சியும் உண்டு. ஆனால் அது எண்ணுகிற இடம் தம்பி. 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கி அவ்வளவு பெரிதாக வளர்ந்தும், அறுவைக்குப் பின் வரும் சிக்கல்களைப் பதிந்து அலசுகிறார்கள்.

அனுப்பானடி: மேலூர்க்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எண்ண ஆரம்பித்ததும் எங்கள் ஆட்கள் கெட்டுப்போன பீஸை ஒளித்தார்கள்.

எண்ணிக்கையைக் காட்டித் திட்டினீர்களா? அப்படியென்றால் ஒளிக்கத்தான் செய்வார்கள். திட்டாத இடத்தில் முதல் மாதம் ரிஜெக்ட் கூடும். நான் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்வேன். அதுவரை மறைத்தது அப்போதுதான் வெளியே வருகிறது.

மேலூர்: அதை முதலாளி நம்புவாரா?

பயிற்சிக்கு முன்னாலேயே சொல்லி வைத்தால் நம்புவார். கூடிய பிறகு சொன்னால் சாக்கு என்பார்.

செல்லூர்: ஐயா, நாளைக்கு எங்களுக்குப் பயிற்சி. படிவ மாதிரி கிடைக்குமா?

படிவம் தரமாட்டேன். நாளைக்குத்தானே? இன்றைக்கே போய், போன மூன்று மாத ரிஜெக்ட் நோட்டை எடுத்து வையுங்கள்.