பெரணி டப்பாவில் பச்சைச் செதில் மட்டும்தான்: கொட்டிவிடாதீர்கள்

பெரணி ஸ்போரை (விதைபோலத் தூவும் நுண்ணிய தூள்) மூடிபோட்ட டப்பாவில் விதைத்து மூன்று மாதமாகியும் இலை வரவில்லை, பச்சையாகப் பாசி பிடித்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். அரை செ.மீ. அகலத்தில், இதய வடிவில், மெல்லிய தகடாக இருந்தால் அது பாசி இல்லை, புரோதாலஸ். பெரணியின் ஸ்போர் நேராக செடியாகாது. முதலில் இதுதான் முளைக்கும். பாசி என்றால் வழவழவென்று இருக்கும், வடிவம் இருக்காது.

சிக்கல் நீங்கள் தண்ணீர் விடும் முறையில். தட்டில் ஊற்றி அடியிலிருந்து உறிஞ்ச விடுகிறீர்கள். விதைத்த புதிதில் அது சரி. இப்போது போதாது. புரோதாலஸின் அடிப்புறத்தில் உருவாகும் ஆண் அணுக்கள் நீரில் நீந்தித்தான் முட்டையை அடையும். செதிலில் நீர்ப்படலம் இல்லையென்றால் கருவுறுதலே நடக்காது, இலையும் வராது. கொதிக்கவைத்து ஆறிய நீரை வாரம் இரண்டு முறை, செதில்கள் மினுங்கும் அளவுக்குப் புகைபோலத் தெளியுங்கள். மூடியை உடனே மூடுங்கள். நேர்வெயில் வேண்டாம், டப்பாவுக்குள் வெந்துவிடும்.

இன்னொன்று, நெருக்கம். ஸ்போரை அள்ளித் தூவினால் பல பெரணிகளில் பெரும்பாலும் ஆண் புரோதாலஸே வரும் (எல்லாரும் செய்கிற தப்புதான்). நெருக்கமாகப் படர்ந்த செதில்களை 1 செ.மீ. துண்டுகளாக இடுக்கியால் எடுத்து, வெந்நீர் ஊற்றி ஆறவைத்த நார்த்தூளில் 2 செ.மீ. இடைவெளியில் அழுத்தி வையுங்கள், புதைக்காதீர்கள்.

வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அந்தத் துண்டைச் சுற்றிலும் சேர்த்து வெட்டி எறியுங்கள். முதல் இலை வந்ததும் மூடியைச் சட்டென்று எடுக்காமல், இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறங்கள்.